பருவம் தொடங்க முன்: விளையாட்டு மாஸ்டர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பாடசாலை உதைபந்தாட்டப் போட்டிகள் வரப்போகின்றன; எங்கள் அணி எப்படி, எதைப் பார்த்து முடிவுசெய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகவே கிரிக்கெட்காரர்களையும் கரப்பந்தாட்டக்காரர்களையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் கல்லூரியின் 18 வயதுக்குட்பட்ட அணியை இந்த வருடம்தான் பொறுப்பெடுத்தேன். பயிற்சிக்கு இருபத்தைந்து பேர் வருகிறார்கள். முன்னிருந்த ஆசிரியர் "நல்ல டீம் சேர், யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். வலயப் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. எது பலம், எது பலவீனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- உடற்கல்வி ஆசிரியர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, முதலில் பையன்களை விட்டுவிட்டு மைதானத்தைப் பாருங்கள். அளவு நாடாவைக் கொண்டுபோய் அளந்தே பாருங்கள். விதிப்படி நீளம் 90 முதல் 120 மீட்டர், அகலம் 45 முதல் 90 மீட்டர். நம் பக்கத்துப் பாடசாலை மைதானங்களில் எத்தனை இந்தக் கணக்குக்குள் வரும்? ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் கான், அதற்குக் கீழே ரோட்டு. நடுவில் கிடைத்த இடத்துக்கு மைதானம் என்று பெயர். தரம் 6 இலிருந்து அதில் ஆடி வளர்ந்த பையனுக்குக் காலும் கண்ணும் அந்த அளவுக்குத்தான் பழகியிருக்கும். உங்கள் அணியின் பலம் பலவீனம் இரண்டிலும் முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிடும்.

சின்ன மைதானத்துப் பையனிடம் என்ன இருக்கும்? நெருக்கத்தில் பந்தை வைத்துக்கொள்வான். மூன்று பேர் சுற்றி நின்றாலும் காலுக்கடியில் உருட்டி வெளியே வருவான். குட்டிப் பாஸ் நன்றாகப் போடுவான். மோதப் பயப்பட மாட்டான். இதெல்லாம் உண்மையான பலம், குறைத்து மதிப்பிட வேண்டாம். என்ன இருக்காது? நாற்பது மீட்டர் தள்ளி மற்றப் பக்கத்து விங்கில் தனியாக நிற்பவனைக் கண் தேடாது. தேடினாலும் கால் அவ்வளவு தூரம் அடித்துப் பழகியிருக்காது. விங்கில் நிற்கவேண்டியவன் கோட்டை விட்டு உள்ளே வந்து நடுவில் நிற்பவர்களோடு கும்பலாகிவிடுவான். உயரமாக வரும் பந்தை பின்வரிசைப் பையன் தலையால் தட்டாமல் ஒரு குத்து விழவிடுவான். வீட்டு மைதானத்தில் அது சரிவரும், ஏனென்றால் அங்கே யாரும் அவ்வளவு தூரத்திலிருந்து அடிப்பதில்லை. கண்டி போகம்பறை மாதிரி ஒரு பெரிய மைதானத்தில் அந்த ஒரு குத்துக்குள் எதிரணி ஆள் வந்துவிடுவான்.

கோல் காப்பாளரைக் கவனியுங்கள். பெனல்டி எல்லை கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர் வரவேண்டும். இடம் போதாத மைதானங்களில் அதைச் சுருக்கிக் கீறிவிடுவார்கள். அதில் பழகிய பையன் பெரிய மைதானத்துக்குப் போனால் எவ்வளவு தூரம் வெளியே வரலாம் என்று தெரியாமல் கம்பங்களுக்கிடையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பான். கெட்டிக்காரன்தான், ஆனால் அளவு தெரியாது.

சரிவு இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பந்து எப்போதும் பள்ளத்துப் பக்கமே ஓடும். ஆகவே பள்ளத்துப் பக்கம் ஆடுகிறவனுக்கு வேலை அதிகம், அவன் தேறிவிடுவான். மேட்டுப் பக்கத்துக்காரன் பாதி நேரம் வேடிக்கை பார்ப்பான். உரப்பையைப் பிரித்துத் தைத்துப் பள்ளத்து ஓரத்தில் வலையாகக் கட்டியிருக்கிறீர்களா? அந்த உரப்பை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது ஓட்டம். 1968 இல் கூப்பர் என்கிற அமெரிக்க மருத்துவர் கொண்டுவந்த பன்னிரண்டு நிமிட ஓட்டம் இன்றும் பல பாடசாலைகளில் நடக்கிறது. வைத்துப் பாருங்கள், ஆனால் அதை நம்பி ஏமாறாதீர்கள். தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து தினமும் படியேறி இறங்கிப் பாடசாலைக்கு வருகிற பையன் அதில் நல்ல தூரம் ஓடிவிடுவான். உதைபந்தாட்டத்துக்கு அது மட்டும் போதாது. 20 மீட்டரை முழு வேகத்தில் ஓடச் சொல்லுங்கள், சின்ன இடைவேளை, மறுபடி ஓட்டம், இப்படி ஏழெட்டு முறை. முதல் ஓட்டத்தைப் பார்க்காதீர்கள், எல்லோரும் நன்றாகத்தான் ஓடுவார்கள். கடைசி இரண்டு ஓட்டத்தில் யார் வேகம் குறையாமல் வருகிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுபதாவது நிமிடத்தில் உங்களிடம் மிச்சமிருக்கப் போகிறவன் அவன்தான்.

அப்புறம் ஒரு மேட்ச் வையுங்கள். உங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரித்து ஆடினால் ஒன்றும் தெரியாது. தோட்டத்து இளைஞர் அணியைக் கூப்பிடுங்கள். தோற்க வேண்டும், ஜெயித்தால் நீங்கள் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. தரம் 9 இல் எழுத்து நல்லாக உள்ள இரண்டு பிள்ளைகளிடம் அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து உட்காரவையுங்கள். கோல், பாஸ் கணக்கெல்லாம் வேண்டாம். பந்தை எங்கே பறிகொடுத்தோம், பறிகொடுத்த அடுத்த ஐந்து விநாடியில் என்ன நடந்தது, இவ்வளவு மட்டும் எழுதட்டும். பறிகொடுத்தவன் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்கிறானா, மத்தியஸ்தரைப் பார்க்கிறானா, திரும்பி ஓடுகிறானா? பக்கத்தில் நின்றவன் நெருங்குகிறானா, "ஏன்டா விட்டாய்" என்று கத்துகிறானா? கொப்பி நிரம்பியதும் வாசித்துப் பாருங்கள். உங்கள் நட்சத்திர ஆட்டக்காரன் பெயர் தலையில் கைவைத்தவர்கள் பட்டியலில் அதிகமாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நின்ற பந்தை மறக்க வேண்டாம். மூலை உதை, பிறீ கிக், பெனல்டி எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். 2018 உலகக் கிண்ணத்தில் விழுந்த 169 கோல்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் இப்படி வந்தவை. உலகத்தின் பெரிய பெரிய அணிகளுக்கே அப்படி என்றால் நமக்குச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் ஒரு பையனை உயரமாக்க முடியாது, இடது காலையும் உருவாக்கிவிட முடியாது. மூலை உதை வரும்போது யார் யாரைப் பிடிப்பது, முதல் கம்பத்தில் யார் நிற்பது என்பதை நாலு பயிற்சியில் சரிசெய்துவிடலாம். ஆகவே பலவீனம் எழுதும்போதே பக்கத்தில் "சரிவரும்", "சரிவராது" என்று எழுதிவிடுங்கள். சரிவராததை மறைக்கும்படி ஆட்டத்தை அமையுங்கள்.

மைதானக் குறைக்கு மருந்து உண்டா? உண்டு. ஞாயிற்றுக்கிழமை நோர்வூட் விளையாட்டரங்கைக் கேட்டுப் பாருங்கள், ஒரே ரோட்டில்தான் இருக்கிறீர்கள். கிடைக்காவிட்டால் கணக்குப் போடுங்கள். 100 க்கு 64 மீட்டர் மைதானத்தில் 22 பேர் ஆடினால் ஒருவருக்கு ஏறக்குறைய 290 சதுர மீட்டர் வருகிறது. உங்களுடையது 60 க்கு 40 என்று வைத்துக்கொள்வோம். அதே 22 பேரும் இறங்கினால் ஒருவருக்கு 110 கூட வராது. நாலு பேருக்கு நாலு பேர் ஆடவிட்டால் 300 வரும். பெரிய மைதானத்தின் வெறுமையை உங்கள் சின்ன மைதானத்திலேயே காட்டிவிடலாம். மிச்சப் பையன்கள் வெளியில் நின்று முறைப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, இருபத்தைந்து பேர் என்றீர்களே, அந்த இருபத்தைந்தையும் நம்ப வேண்டாம். பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வயதெல்லையை இப்போதே சரிபாருங்கள். உயர்தரப் பரீட்சைக்கு இருக்கிறவர்கள் யார், வீட்டில் விடுவார்களா என்று கேளுங்கள். கொழும்பில் மாமா கடையில் வேலைக்குப் போகிற யோசனையில் ஒருவன் நிச்சயம் இருப்பான். கடைசிப் பஸ்ஸுக்காக ஐந்து மணிக்கே பையைத் தூக்குகிறவன் பயிற்சியின் கடைசி அரை மணி நேரத்தை ஒருநாளும் செய்ததில்லை, அதையும் குறித்துவையுங்கள். எல்லாம் கழித்துப் பதினாறு பேர் தேறினால் அதுதான் உங்கள் அணி.

கேள்வி: எங்கள் அணியில் மெஸ்ஸி மாதிரி ஒருவன் இருக்கிறான் சேர். இந்தமுறை கிண்ணம் எங்களுக்குத்தானே?
- பழைய மாணவன், கொட்டகலை

பதில்: எதிரணி அவனுக்கு இரண்டு பேரைப் போடும். அப்போது உங்கள் பக்கத்தில் ஒருவன் சும்மா நிற்பான் அல்லவா, அவன் யார்? அவன் பெயரைச் சொல்லுங்கள், கிண்ணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கேள்வி: நாங்கள் பண்டாரவளை அணி. ஜூலையில் ஹட்டன் பக்கம் நட்புப் போட்டிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பருவத்துக்கு முன் எங்களை அளந்து பார்க்க இது நல்ல சந்தர்ப்பமா?
- விளையாட்டுப் பொறுப்பாசிரியர், பண்டாரவளை

பதில்: நல்ல சந்தர்ப்பம்தான், ஆனால் எதை அளக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை எங்கள் மேற்குச் சரிவில்தான் கொட்டும். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதே நாட்களில் உங்கள் ஊவாப் பக்கம் மழை மறைவில் காய்ந்து கிடக்கும், காற்றும் அடிக்கும். மலையின் இந்தப் பக்கம் பையன்கள் சேற்றில் சறுக்கும்போது அந்தப் பக்கம் மூக்கில் தூசி. ரயிலில் மலைமுகட்டுப் பட்டிப்பொலையைத் தாண்டினால் ஆட்டமே வேறு.

காய்ந்த தரையில் பழகிய உங்கள் பையன்கள் பந்து குத்தி எழும் என்று எதிர்பார்த்து ஓடுவார்கள். இங்கே அது தண்ணீரில் "தொப்" என்று நின்றுவிடும். ஆகவே அன்று நாலு கோல் வாங்கினால் அதை அப்படியே பலவீனம் என்று எழுதிவிட வேண்டாம். முதல் இருபது நிமிடத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். யார் சீக்கிரம் புரிந்துகொண்டான்? யார் சொந்தக் கோலுக்கு முன்னால் உருட்டுவதை நிறுத்திவிட்டுத் தூக்கி அடிக்கத் தொடங்கினான்? யார் தூரத்திலிருந்தே தாழ்வாக அடித்துக் காப்பாளரின் கையில் பந்தை வழுக்கவைத்தான்? அந்தப் பையன்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிரணியைப் பார்த்து ஆடுகிறவன் நிறையப் பேர். தரையைப் பார்த்து ஆடுகிறவன் அபூர்வம்.

பந்தின் காற்றையும் பாருங்கள். விதியில் 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை இடம் இருக்கிறது. பல பாடசாலைகளில் பம்பால் அடித்து விரலால் அழுத்திப் பார்த்து "ஓகே" என்பதோடு சரி. கல் மாதிரி இறுகிய பந்தில் தலையடி பழகச் சொன்னால் எந்தப் பையனும் கண்ணை மூடுவான். அதை வைத்து அவனைப் பயந்தவன் என்று முடிவுகட்டக் கூடாது.

உயரத்தைப் பற்றியும் பலர் பெரிதாகப் பேசுகிறார்கள். நுவரெலியா 1,868 மீட்டர். கொழும்பு அணி அங்கே வந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும், உண்மை. ஹட்டனும் பண்டாரவளையும் ஏறக்குறைய ஒரே உயரம், உங்களுக்கும் எங்களுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. நமக்கு உண்மையான சோதனை கீழே இறங்கும்போதுதான். கொழும்பு வெயிலும் புழுக்கமும் மலைப் பையனை இரண்டாம் பாதியில் உட்காரவைத்துவிடும். மாகாண மட்டம் தாண்டி அகில இலங்கைக்குப் போகிற எண்ணம் இருந்தால், போட்டி நாளன்று காலையில் போய் இறங்காமல் சில நாள் முன்னதாகப் போய்ப் பழக வழி தேடுங்கள்.

கேள்வி: கோல் காப்பாளராக அணியிலேயே உயரமான பையனை நிறுத்தலாமா?
- வாசகர், மஸ்கெலியா

பதில்: கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். உயரம் உதவும். ஆனால் உயரத்தை மட்டும் பார்த்து நிறுத்துவது நமக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. முழங்கால் உயரத்துக்குப் பந்தை எறிந்து பாருங்கள்; நெட்டையானவர்கள் பலருக்கு அங்கேதான் ஓட்டை. காலால் பந்தைக் கொடுக்கத் தெரிகிறதா என்றும் பாருங்கள். சொந்த ஆள் வேண்டுமென்றே காலால் திருப்பித் தருகிற பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992 இல் வந்தது. நம்மூரில் இன்னும் அதை மறந்து கையால் எடுத்து, கோலுக்கு முன்னாலேயே பிறீ கிக் கொடுக்கிறார்கள். 2025 இலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை. கடைசி ஐந்து விநாடியை மத்தியஸ்தர் கையைத் தூக்கி எண்ணிக்காட்டுவார். பந்தைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்து நேரம் கடத்துகிற நம் பழைய வித்தை இனி எடுபடாது.

எல்லாவற்றுக்கும் மேல், வாய். முன்னால் நிற்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "இடப்பக்கம் ஆள்" என்று கத்தத் தெரியாத காப்பாளர் எவ்வளவு உயரமிருந்தும் பாதிக் காப்பாளர்தான். வகுப்பில் யார் அதிகம் சத்தம்போடுகிறான் என்று மற்ற ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல காப்பாளர் கிடைக்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் அங்கே காலேஜ் புட்போல் பருவம் தொடங்க முன்பே எந்த அணி பலம், எது பலவீனம் என்று மாதக்கணக்கில் எழுதித் தள்ளுகிறார்கள் என்கிறார். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? நமக்கு அதில் ஏதாவது உதவுமா?
- உயர்தர மாணவன், ஹட்டன்

பதில்: அது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம், நம்முடையதல்ல. ஆனால் பல்கலைக்கழகப் போட்டிக்கு அங்கே இருக்கிற மவுசைக் கேட்டால் தலை சுற்றும். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 107,601 பேர் உட்காரலாம். பருவத்துக்கு முன்பே அணிகளைத் தரவரிசைப்படுத்துகிற வழக்கம் ஏபி செய்தி நிறுவனத்தின் பட்டியலில் 1950 இலிருந்து நடக்கிறது.

அவர்கள் முதலில் கேட்கிற கேள்வி மிக எளிமையானது. போன வருடம் தொடக்க அணியில் ஆடியவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்? மாணவர்கள்தானே, படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். போதாததற்கு 2018 இல் ஒரு புது ஏற்பாடும் வந்தது. பெயரைப் பதிந்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது, எந்த இடத்துக்காரன் திரும்பி வருகிறான் என்று பார்ப்பார்கள். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் புதியவனா பழையவனா, அவனுக்கு முன்னால் சுவராக நிற்கிற ஐந்து தடியன்கள் சேர்ந்து ஆடிப் பழகியவர்களா என்பதெல்லாம் பெரிய விவாதம். பந்தைத் தொடாமலே ஆட்டத்தை முடிவுசெய்கிற அந்த ஐந்து பேரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நம்மூரில் பின்வரிசை நாலு பேரைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறார்களா?

இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. தாக்குகிற அணி வேறு, தடுக்கிற அணி வேறு, பந்தை உதைக்கிற நேரத்துக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு கூட்டம் வேறு. பருவத்துக்கு முன் மூன்றையும் தனித்தனியாக எடைபோடுவார்கள். நாமும் பந்து நம்மிடம் இருக்கும்போது எப்படி, இல்லாதபோது எப்படி, நின்ற பந்தில் எப்படி என்று பிரித்து மதிப்பிட்டால் "நல்ல டீம்" என்கிற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிட முடியாது.

இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகும் சறுக்குவார்கள், அது வேறு கதை. 2022 இல் பருவத்துக்கு முந்திய முதல் 25 அணிகளில் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் இல்லவே இல்லை. அந்த அணி தேசிய இறுதிப் போட்டி வரை போனது. அங்கே ஜோர்ஜியாவிடம் 65 க்கு 7 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிட வேண்டும்.

நீ உயர்தர மாணவன் என்கிறாய். உன் அணியில் இந்த வருடம் பரீட்சை எழுதிவிட்டுப் போகிறவர்கள் எந்தெந்த இடத்தில் ஆடினார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் பெண் பிள்ளைகள் பதின்மூன்று பேர் சேர்ந்து ஒரு உதைபந்து அணி தொடங்கியிருக்கிறோம். "இந்த வருடம் போக வேண்டாம், இன்னும் தயாரில்லை" என்கிறார்கள். நாங்கள் தயாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- தரம் 12 மாணவி, லிந்துலை

பதில்: மகள், போட்டிக்குப் போகாமல் தயாரான அணியை நான் பார்த்ததில்லை. போங்கள். யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பிள்ளைகள் அகில இலங்கைப் பட்டம் வென்றார்கள். அவர்களும் ஒரு நாள் முதல் போட்டிக்குப் போனவர்கள்தான்.

ஆனால் இரண்டு விஷயத்தை இப்போதே பாருங்கள். ஒன்று, முழங்கால். பெண் பிள்ளைகளுக்கு முழங்காலின் உள்நார் அறுந்துபோகும் ஆபத்து பையன்களைவிட அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் இரண்டும் உட்பக்கம் சாய்கிறதா என்று ஒருவரை ஒருவர் முன்னால் நின்று பாருங்கள். சாய்ந்தால் அதுதான் உங்கள் அணியின் முதல் பலவீனம், கோல் அடிக்கத் தெரியாதது அல்ல. ஃபீஃபா 11+ என்று ஒரு ஆயத்தப் பயிற்சி இருக்கிறது. இருபது நிமிடம் போதும், சாமான் எதுவும் தேவையில்லை, பந்து இருந்தால் சரி. நோர்வேயில் பெண் பிள்ளைகளிடம் அதைச் சோதித்து, ஒழுங்காகச் செய்தால் காயங்கள் குறைகின்றன என்று காட்டியிருக்கிறார்கள்.

மற்றது, இரத்தம். அரை மணி நேரத்தில் களைத்து உட்காருகிற பிள்ளையை "ஸ்டெமினா இல்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவிச்சி அம்மாவிடமோ ஆஸ்பத்திரியிலோ இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவாக இருந்தால் எவ்வளவு ஓடினாலும் முன்னேற்றம் தெரியாது. சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள், ஆனால் சொல்லத்தான் வேண்டும்: சாப்பாட்டோடு சேர்த்து பிளேன்டீ குடிக்க வேண்டாம். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரை, பருப்போடு ஒரு தேசிக்காய்த் துண்டைப் பிழிந்துகொண்டால் இன்னும் நல்லது.

பதின்மூன்று பேர் என்பது குறைவு. மட்டையால் பந்தடித்து ஓடுகிற எல்லே ஆட்டத்துக்கான பாடசாலை அணியில் வேகமாக ஓடுகிற பிள்ளைகள் இருப்பார்கள், மூன்று பேரைப் பேசி இழுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய மாணவர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறோம். அணிக்குப் புது ஜேர்சி எடுத்துக்கொடுக்கலாமா?
- பழைய மாணவர் சங்க உறுப்பினர், தலவாக்கலை

பதில்: ஜேர்சி போட்டோவுக்கு அழகு. முதலில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய் எத்தனை பந்து இருக்கிறது என்று எண்ணுங்கள். இருபது பையன்களுக்கு மூன்று பந்து என்றால் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி வரிசையில் நிற்பதிலேயே போகும். அப்புறம் குனிந்து சப்பாத்துகளைப் பாருங்கள். அண்ணனுடைய பூட்ஸில் கடதாசியைத் திணித்துப் போட்டுக்கொண்டு ஓடுகிறவன் ஒருவனாவது இருப்பான். "அவனுக்கு டர்ன் பண்ணத் தெரியாது" என்று அவனைப் பற்றி மதிப்பீடு எழுதியிருப்பார்கள். சரியான அளவில் ஒரு சோடி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். பணம் மிஞ்சினால் கோல் வலை. ஜேர்சி அடுத்த வருடம்.

கேள்வி: என் மகன் 16 வயதுக்குட்பட்ட அணியில் இருக்கிறான். இடது கால் பலவீனம் என்று சொல்லி வெளியில் உட்காரவைக்கிறார்களாம். நான் போய் ஆசிரியரிடம் பேசட்டுமா?
- தந்தை ஒருவர், அக்கரப்பத்தனை

பதில்: பேசுங்கள், ஆனால் "ஏன் போடவில்லை" என்று கேட்க வேண்டாம். "எந்த நேரத்தில் இடது கால் தேவைப்பட்டு அவன் தடுமாறினான்" என்று கேளுங்கள். உண்மையாகவே பார்த்துச் சொல்லியிருந்தால் ஆசிரியர் உடனே இரண்டு சந்தர்ப்பம் சொல்லுவார். பதில் இல்லையென்றால் அது சும்மா வாய்க்கு வந்த காரணம். அடுத்த மேட்சில் கொஞ்சம் கவனித்துப் பார்க்கும்படி மரியாதையாகக் கேட்டுவிட்டு வாருங்கள். வருடக் கடைசியில் பிறந்த பிள்ளையா என்றும் பாருங்கள். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் உடம்பில் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்கும். சின்ன உடம்பைப் பலவீனம் என்று எழுதிவிடுகிற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது.

இடது கால் உண்மையாகவே பலவீனம்தான் என்றால் அதற்குப் பெரிய பயிற்சியாளர் தேவையில்லை. ஒரு சுவர் போதும். பின்னேரத்தில் பத்து நிமிடம், இடது காலால் மட்டும், சுவரில் அடித்துத் திரும்பி வருகிற பந்தை நிறுத்தாமல் மறுபடி அடிக்கட்டும். முதலில் மூன்று மீட்டர் தூரத்தில், கை வந்ததும் ஐந்து மீட்டரில். லயத்துச் சுவரில் அடித்தால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் பூட்டிய பிறகு அதன் பின்சுவர் சும்மாதான் இருக்கும், அங்கே போகச் சொல்லுங்கள். ஜன்னல் இல்லாத பக்கமாகப் பார்த்து.